மருந்துத் துண்டும் சம்பளத் துண்டும்: மலையகத்தில் வைத்தியர் எழுத வேண்டியது

ஹற்றன், நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்து லயக் காம்பராக்கள் பலவற்றில் ஒரு பொலித்தீன் பை சுவரிலே ஆணியில் தொங்கும். வீட்டின் முக்கியமான கடதாசிகள் எல்லாம் அதற்குள்தான். அடையாள அட்டையின் பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டு, தோட்டத்தில் மாதாமாதம் கொடுக்கும் சம்பளத் துண்டு. ஆஸ்பத்திரியில் கேட்பது கிளினிக் கொப்பியை மட்டும். சம்பளத் துண்டைச் சங்கத்துத் தலைவர் பார்ப்பார்; கடன் கொடுத்தவர் பார்ப்பார். ஒரே பைக்குள் கிடக்கும் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவர் யார் என்று கேட்டால், பெரும்பாலும் யாருமில்லை.

நமது பத்திரிகைகளில் வைத்தியர்கள் நிறையவே எழுதுகிறார்கள். வரவேற்கத்தக்க காரியம். ஆனால் அவற்றில் பலவற்றைத் தோட்டப் பாடசாலையில் படிக்கும் ஒரு பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய் உம்மாவுக்கோ அம்மாவுக்கோ வாசித்துக் காட்டினால் என்ன நடக்கும்? "தினமும் அரை மணி நேரம் நடைப்பயிற்சி செய்யுங்கள்" என்று இருக்கும். காலை ஏழரை மணிக்குக் கூடையைத் தலையில் மாட்டி, பின்னேரம் வரை மலை ஏறி இறங்கும் கொழுந்துப் பெண்ணுக்கு நடைப்பயிற்சி! "பால், முட்டை, பழம் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று இருக்கும். அவள் சிரிப்பாள். "டொக்டர் ஐயா காசையும் சேர்த்து எழுதிக் குடுத்தா நல்லம்" என்பாள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு நியாயமான விமர்சனம் இருக்கிறது. மலையகத்தில் வருத்தத்தைப் பற்றி எழுதுகிறவர் குடும்பத்தையும் காசையும் பற்றி எழுதாமல் விட்டால், அவர் எழுதியது பாதி மருந்துதான். இதையே இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

தோட்டத்து வைத்தியம் வந்த வழி

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை நோக்கி நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மடிந்தவர்கள் பலர். அந்த மரணங்கள் பற்றிய பேச்சு அதிகரித்த பிறகுதான் 1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. தோட்டத்து ஆட்களுக்கு வைத்திய வசதிக்கான செலவில் தோட்டக்காரர்களுக்கும் பங்குண்டு என்பதை அது சட்டமாக்கியது. இதற்குள் 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழிக்க ஆரம்பித்திருந்தது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் நட்ட தேயிலை மெல்ல மெல்ல மலைகளை மூடியது. பயிர் மாறியது, ஆட்களும் லயமும் மாறவில்லை. 1912இல் மருத்துவத் தேவைகள் சட்டம் மீண்டும் திருத்தி எழுதப்பட்டது.

இந்தச் சட்டங்களின் விளைவாகத் தோட்டங்களில் டிஸ்பென்சரி வந்தது. அதற்கொரு டிஸ்பென்சர் வந்தார். பின்னாளில் அவர் தோட்ட வைத்திய அதிகாரி ஆனார். தோட்டத்து மக்களுக்கு அவர் எப்போதும் "டொக்டர் ஐயா"தான். அவருடைய நிலைமை சாதாரண வைத்தியரின் நிலைமையைப் போன்றதல்ல. அவருக்குச் சம்பளம் கொடுப்பது தோட்டம். அவரிடம் வருகிறவர் அதே தோட்டத்தின் கூலியாள். காய்ச்சல் என்று ஒருவர் வந்து நின்றால், "இவருக்கு வேலையில்லை" என்று துண்டு எழுதிக் கொடுப்பதும், "போகலாம்" என்று மலைக்கு அனுப்புவதும் அவர் கையில். வேலைக்குப் போனால்தான் செக்ரோலில் 'பேர்' விழும். பேர் விழுந்தால்தான் அந்த நாளுக்குச் சம்பளம். ஆகவே தோட்ட வைத்தியரின் ஒவ்வொரு முடிவும் மருத்துவ முடிவாக மட்டும் இருக்க முடியாது. அது ஒரு வீட்டின் அன்றைய கணக்கையும் தொடும்.

இதற்கு நல்ல உதாரணம் கொக்கிப்புழு. 1916இல் றொக்கஃபெல்லர் அமைப்பின் உதவியோடு இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தோட்டங்களில் தொடங்கியது. அந்தப் புழு மண்ணில் வளர்ந்து வெறுங்கால் வழியே உடம்புக்குள் போகிறது. குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. ஆள் வெளிறிப்போவார், மூச்சு வாங்கும், மலையேற முடியாது. "சோம்பேறி" என்று கங்காணி திட்டியவர்களில் எத்தனை பேர் வயிற்றுக்குள் புழு வைத்திருந்தார்களோ! மருந்து கொடுத்தால் புழு போய்விடும். ஆனால் லயத்தைச் சுற்றி மலசலகூடம் இல்லாவிட்டால், காலில் செருப்பு இல்லாவிட்டால், சில மாதங்களில் திரும்பி வந்துவிடும். மருந்தின் விலை சிறியது. மலசலகூடம் கட்டும் செலவு பெரியது. அந்தச் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு மருந்துப் போத்தலில் பதில் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டில் இலவச வைத்திய சேவை விரிந்தது. கிராமங்களில் தாய்மார், சிசுக்களின் மரணம் வேகமாகக் குறைந்தது. ஆனால் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கிவிட்டது. வாக்கில்லாதவர்களுக்காகப் பாராளுமன்றத்தில் யார் ஆஸ்பத்திரி கேட்பார்? தோட்டத்து வைத்தியம் பல பத்தாண்டுகள் தேசிய சேவைக்கு வெளியே, தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தது. 1973, 1974 உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் தோட்டங்களில் பட்டினியால் மக்கள் இறந்தார்கள். தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் வேலை 1990களில்தான் தொடங்கியது. அது துண்டு துண்டாகவே நடந்தது.

டிஸ்பென்சரியிலிருந்து வந்த நாவல்கள்

இந்தப் பின்னணியில்தான் தி. ஞானசேகரனின் எழுத்தைப் பார்க்க வேண்டும். 1941இல் யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனில் பிறந்தவர். தொழிலால் தோட்ட வைத்திய அதிகாரி; புசல்லாவைப் பகுதியில் நீண்ட காலம் பணியாற்றியவர். 1973இல் 'காலதரிசனம்' என்ற சிறுகதைத் தொகுதி, 1977இல் 'புதிய சுவடுகள்' நாவல், 1979இல் 'குருதிமலை', 1990களில் 'லயத்துச் சிறைகள்', 'கவ்வாத்து' என்று அவருடைய நூல்கள் வந்தன. 2000ஆம் ஆண்டில் கண்டியிலிருந்து 'ஞானம்' சஞ்சிகையை ஆரம்பித்து நடத்தியவரும் அவரே. நமது முஸ்லிம் எழுத்தாளர்கள் பலருக்கும் அந்தச் சஞ்சிகை இடம் கொடுத்தது என்பதை இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும்.

ஒரு வைத்தியர் நாவல் எழுதினால், அதில் நோயாளிகளும் நோய்களும் நிறைந்திருக்கும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். 'குருதிமலை'யின் மையம் வேறு. 1970களின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களில் என்ன செய்தது என்பதே அதன் கதைக்களம். 1972ஆம் ஆண்டின் சட்டம் தனியார் காணிக்கு உச்சவரம்பு விதித்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. காகிதத்தில் அது நீதியான காரியம். ஆனால் தோட்டங்களைத் துண்டுபோட்டு வெளியாருக்குப் பகிர்ந்தபோது, தலைமுறைகளாக அந்த மண்ணில் வேலை செய்த தொழிலாளி வேலையும் இருப்பிடமும் இல்லாமல் நின்றான். அந்த மக்களின் எதிர்ப்பும் அதற்கு அவர்கள் கொடுத்த விலையுமே நாவல்.

வைத்தியர் ஏன் காணியைப் பற்றி எழுதினார்? டிஸ்பென்சரி மேசையிலிருந்து பார்த்தால் இதற்கு விடை தெரியும். வெளிறிய பிள்ளையை ஒரு தாய் கொண்டு வருகிறாள். சத்துக் குறைவு. ஏன்? வீட்டில் சாப்பாடு குறைந்துவிட்டது. ஏன்? வேலை நாள் குறைந்துவிட்டது. ஏன்? மலை துண்டுபோடப்பட்டுவிட்டது. நாலாவது கேள்வியில் வைத்தியம் முடிந்து அரசியல் வந்துவிடுகிறது. முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்பவர் மருந்து கொடுப்பார். நாலாவது வரை போகிறவர் எழுத வேண்டிவரும். அவருடைய நூல்களின் பெயர்களையே பாருங்கள்: லயம், கவ்வாத்து, மலை. ஒன்றாவது நோயின் பெயர் இல்லை.

ரே நகரத்து வைத்தியரின் இரண்டு நூல்கள்

வைத்தியர் காசைப் பற்றியும் குணத்தைப் பற்றியும் எழுதுவது நமக்குப் புதிதல்ல. பாரசீகத்தின் ரே நகரில் பிறந்து, ஏறத்தாழ 925இல் காலமான அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்-ராஸியை உலகம் பெரியம்மை, சின்னமுத்து இரண்டையும் வேறுபடுத்தி விளக்கிய வைத்தியராக அறியும். அவருடைய வேறு இரண்டு நூல்கள் நமது விடயத்துக்கு நெருக்கமானவை.

ஒன்று, வைத்தியர் கிடைக்காதவருக்காக எழுதியது. 'ஏழைகளின் மருத்துவம்' என்றும் அதை அழைத்தார்கள். அக்காலத்து வைத்திய நூல்கள் பல அரசர்களுக்கும் செல்வர்களுக்கும் அர்ப்பணிக்கப்பட்டவை. அவற்றிலுள்ள மருந்துச் சரக்குகள் சாதாரண மனிதனின் கைக்கு எட்டாதவை. ராஸி இந்த நூலில் வீட்டிலும் சந்தையிலும் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு என்ன செய்யலாம் என்று சொன்னார். வாசகனின் சட்டைப்பையை நினைத்து எழுதிய வைத்திய நூல் அது.

மற்றது 'அத்-திப்பு அர்-ரூஹானி', அதாவது ஆன்ம மருத்துவம். இருபது அத்தியாயங்கள். கோபம், பொறாமை, கஞ்சத்தனம், பெருந்தீனி, குடிப்பழக்கம், துயரம், மரண பயம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு வைத்தியர் வருத்தத்தைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார். நடுவிலே ஓர் அத்தியாயம் முழுக்கச் சம்பாதிப்பது, சேமிப்பது, செலவழிப்பது பற்றியது. வரவு செலவில் ஒழுங்கில்லாதவன் மனம் அமைதியாக இருக்காது என்பது அவருக்கு வைத்திய விடயம். அவருடைய தத்துவக் கருத்துகள் சிலவற்றை மார்க்க அறிஞர்கள் கடுமையாக மறுத்தார்கள் என்பது வேறு விடயம். ஆனால் உடம்பு, மனம், காசு மூன்றையும் ஒரே வைத்தியர் ஒரே கையால் எழுதலாம் என்பதை ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன்பே அவர் செய்து காட்டிவிட்டார்.

அண்மைக் காலத்துக்கு வந்தால், ருஷ்ய எழுத்தாளர் அன்ரன் செக்கோவும் வைத்தியரே. 1890இல் சகலின் தீவுக்குப் போய், அங்கே நாடு கடத்தப்பட்டிருந்த கைதிகளைத் தானே வீடு வீடாகக் கணக்கெடுத்தார். ஏறத்தாழ பத்தாயிரம் அட்டைகள் நிரப்பினார். நோய் விபரத்தோடு யாருக்குக் குடும்பம் இருக்கிறது, யார் எதைச் செய்து பிழைக்கிறார் என்பதையும் எழுதிக்கொண்டார். அங்கிருந்து திரும்பும் வழியில், அதே ஆண்டு நவம்பரில், கொழும்பில் இறங்கிக் கண்டிக்கும் வந்து போனார்.

மூன்றாகப் பிரித்து எழுதுவது

சரி, இன்று மலையகத்துக்கு எழுதும் வைத்தியர் எப்படி எழுத வேண்டும்? பாடசாலையில் நாம் ஒரு கடினமான பாடத்தைப் பகுதி பகுதியாகப் பிரிப்பதுபோல, ஒவ்வோர் அறிவுரையையும் மூன்றாகப் பிரிக்கலாம். காசில்லாமலே செய்யக்கூடியது, வீட்டுக்குள் பேசி முடிக்க வேண்டியது, வெளியே கேட்டுப் பெற வேண்டியது. மூன்றையும் ஒன்றாகக் கலந்து "நீங்கள் கவனமாக இருங்கள்" என்று எழுதும்போதுதான், ஏழையின் வருத்தம் ஏழையின் குற்றமாகிவிடுகிறது.

இரத்தச் சோகையை எடுத்துக்கொள்வோம். தோட்டத்துப் பெண்களை அதிகம் வாட்டும் குறைபாடுகளில் ஒன்று. காசில்லாமல் செய்யக்கூடியது என்ன? ரொட்டியும் சம்பலும் சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பது நமது வழக்கம். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கிறது. தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தால் போதும். கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச் சத்துக் குளிசையையும் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது. கீரைக்கும் பருப்புக்கும் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விட்டால் இரும்பு நன்றாகச் சேரும். உலகத்துக்கே தேயிலை கொடுக்கும் கைகள் அந்தத் தேயிலையாலேயே இரத்தத்தை இழப்பது வேதனையான விடயம். ஆனால் இதைத் திருத்த ஒரு சதமும் தேவையில்லை.

வீட்டுக்குள் பேச வேண்டியது? கர்ப்பிணித் தாய்க்கு மிட்வைஃப் திரிபோஷ கொடுக்கிறார். வீட்டிலே அது உருண்டை உருண்டையாகப் பிடிக்கப்பட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் போகிறது. தாய்க்குக் கடைசி உருண்டை, சில நேரம் அதுவும் இல்லை. கணவர் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, மிஞ்சியதுதான் அவளுக்கு என்ற பழக்கத்தை மருந்து மாற்றாது. கணவரும் மாமியாரும் இருக்கும்போது வைத்தியரோ மிட்வைஃபோ வாய்விட்டுச் சொன்னால்தான் மாறும். 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் 17.3 சதவீதம், தோட்டப்புறத்தில் 31.7 சதவீதம். இந்த வித்தியாசத்தின் ஒரு பகுதி தாயின் வயிற்றிலேயே ஆரம்பிக்கிறது.

வெளியே கேட்டுப் பெற வேண்டியது? கொழுந்து மலையில் மலசலகூடம். பெண்கள் காலையிலிருந்து பின்னேரம் வரை தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். எரிச்சலும் காய்ச்சலும் சிறுநீரகத் தொற்றும் அதனால்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று எழுதும் வைத்தியர், "மலையில் மலசலகூடம் கட்டிக் கொடுங்கள்" என்பதையும் அடுத்த வரியில் எழுத வேண்டும். முதல் வரி தொழிலாளிக்கு. இரண்டாவது வரி தோட்ட நிர்வாகத்துக்கு.

ஒரு கணக்குப் பாடம்

இனிக் காசு. 2021 மார்ச் மாதத்தில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாவானது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயமானது. அந்த 1350ஐ வைத்து ஒரு கணக்குப் போடுவோம். மாதத்தில் 20 நாள் பேர் விழுந்தால் 27,000 ரூபா. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 2160 ரூபா கழியும். மிச்சம் 24,840. சந்தா, முற்பணம் என்று வேறு கழிவுகளும் உண்டு. நிர்ணயித்த கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் முழுப்பேர் விழாது, அரைப்பேர்தான்.

இந்தக் கணக்குக்குள் வருத்தத்தை வைத்துப் பாருங்கள். நமது ஆஸ்பத்திரிகளில் மருந்து இலவசம். ஆனால் கிளினிக்குக்குப் போகும் நாள் இலவசமல்ல. தனக்கு பிரஷர் கிளினிக் ஒரு நாள், மாமியாருக்கு சீனி கிளினிக் ஒரு நாள், பிள்ளைக்குக் காய்ச்சல் ஒரு நாள் என்று மூன்று நாள் போனால் 4050 ரூபா போய்விடுகிறது. பஸ், ஓட்டோ காசு வேறு. அதனால்தான் பிரஷர் குளிசை முடிந்த பிறகும் பலர் கிளினிக்குக்குப் போவதில்லை. அறியாமை என்று நாம் சொல்வது பெரும்பாலும் கணக்குத்தான். பிரஷருக்கு நோவு இல்லை. போகாவிட்டால் இன்றைக்கு 1350 மிஞ்சும். ஆனால் குளிசையை விட்டவருக்கு ஒருநாள் பாரிசவாதம் வந்தால், அவருடைய பேரும் போகும், அவரைப் பார்க்க வீட்டில் இருப்பவரின் பேரும் போகும். இதைப் பயமுறுத்தாமல், இப்படிக் கணக்காகவே எழுதிக் காட்டினால் மக்கள் விளங்கிக்கொள்வார்கள். ஒரு வீட்டில் இரண்டு பேருக்குக் கிளினிக் என்றால், இருவருக்கும் ஒரே நாளில் திகதி தரும்படி கேட்கலாம் என்பதையும் சொல்லிக் கொடுக்கலாம்.

வெற்றிலைக்கும் குடிக்கும் இதே கணக்குத்தான். ஒரு நாளைக்கு 150 ரூபா அதற்குப் போனால், மாதத்துக்கு 4500. மூன்று நாள் பேருக்கும் மேல். குளிருக்கும் பசிக்கும் களைப்புக்கும் வெற்றிலை ஒரு துணை என்பது உண்மை. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. ஆனால் புகையிலை சேராத வெற்றிலைக் கூறும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே உறுதிப்படுத்திவிட்டது, பாக்குத்தான் காரணம். மூன்று கிழமைக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு, வாயைத் திறக்க முடியாமை என்றால் உடனே காட்ட வேண்டும். தொடக்கத்தில் பிடித்தால் சிறிய சத்திரசிகிச்சை. பிந்தினால் மஹரகமைக்கு அலைய வேண்டும். ஹற்றனிலிருந்து மஹரகமைக்கு ஒருமுறை போய்வர எத்தனை நாள் பேர் போகும் என்பதை வாசகரே கணக்குப் பார்த்துக்கொள்வார்.

குடும்பத்துக்குள் காசு யார் கையில் என்பதும் வைத்திய விடயமே. மனைவியின் சம்பளத்தையும் கணவரே போய் வாங்கும் வழக்கம் முன்பு தோட்டங்களில் பரவலாக இருந்தது. இன்னும் அது முற்றாகப் போய்விடவில்லை. வங்கிக் கணக்கு அவள் பெயரில் இருந்தாலும் அட்டை அவர் கையில் இருக்கும். பிள்ளைக்கு இரவிலே மூச்சு முட்டினால், ஓட்டோவுக்குக் காசு யாரிடம் கேட்பது? 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும் என்பதை ஒவ்வொரு லயத்துச் சுவரிலும் எழுதி வைக்க வேண்டும். தமிழில்.

பிறகு கடன். பெரிய வருத்தம் வந்தால் முதலில் நகை அடகுக்குப் போகும், பிறகு சீட்டை முந்தி எடுப்பார்கள், கடைசியில் நுண்கடன். பெண்கள் குழுவாகச் சேர்ந்து எடுக்கும் கடனில், ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஆகவே காய்ச்சலோடும் அவள் மலைக்குப் போவாள். அக்கம்பக்கத்தில் முகம் முறிய முடியாது. அதற்குப் பிறகும் முடியாவிட்டால், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளை நிறுத்திக் கொழும்புக்கு, கடைக்கோ வீட்டு வேலைக்கோ, அனுப்புவார்கள். வகுப்பறையில் ஒரு கதிரை காலியாகும். ஆசிரியர்களாகிய நாம் வரவு இடாப்பில் சிவப்புக் கோடு போடும்போது, அந்தக் கோடு ஒரு வருத்தத்திலிருந்து தொடங்கியது என்பதைப் பல நேரம் அறிவதில்லை.

இந்த இடத்தில் வைத்தியர் எழுதக்கூடிய பயனுள்ள விடயங்கள் உண்டு. தொழிலாளியின் 8 சதவீதத்தோடு தோட்டம் 12 சதவீதம் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டும். நம்பிக்கை நிதியத்துக்கு வேறாக 3 சதவீதம். மேலே சொன்ன 27,000 ரூபாச் சம்பளத்துக்கு, சேமலாப நிதியில் மாதத்துக்கு 5400 ரூபா சேர வேண்டும். குறிப்பிட்ட நிபந்தனைகளோடு அதில் 30 சதவீதம் வரை மருத்துவச் செலவுக்கும் வீட்டுக்கும் முன்கூட்டியே பெறலாம். பிரசவ விடுமுறை, 2018இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள். இவை தெரிந்திருந்தால் அடகுக்கடைக்கும் கடன்காரரிடமும் போகாமல் தப்பும் வீடுகள் உண்டு. இவற்றை எழுதுவது சட்டத்தரணியின் வேலை என்று வைத்தியர் விட்டுவிடலாம். ஆனால் சட்டத்தரணியிடம் யாரும் காய்ச்சலோடு போவதில்லை, வைத்தியரிடம்தான் போகிறார்கள்.

யாருடைய பாஷையில்?

டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டிய 150 கட்டில் ஆஸ்பத்திரி 2017 மே மாதத்தில் திறக்கப்பட்டது. கட்டடங்கள் வருகின்றன, நல்லது. ஆனால் மருந்துத் துண்டு ஆங்கிலத்தில். பேச்சு பல இடங்களில் சிங்களத்தில். நோயாளிக்குத் தெரிந்தது தமிழ். "உண்ணும் முன்", "உண்ட பின்" என்ற இரண்டு சொற்கள் புரியாமல் மருந்தை மாறிக் குடிப்பவர்களை நாம் பார்க்கிறோம். ஆஸ்பத்திரியில் விளங்காததை வீட்டில் விளக்குவதற்கு எழுத்து வேண்டும். வடக்கிலிருந்து வந்த டொக்டர் எம்.கே. முருகானந்தன் 'தாயாகப் போகும் உங்களுக்கு', 'டொக்டரின் டயறி' போன்ற நூல்களாலும் பத்திரிகைப் பத்திகளாலும், கடினமான விடயங்களை வீட்டுத் தமிழில் சொல்ல முடியும் என்று காட்டினார். அதே வேலை லயத்துத் தமிழில் இன்னும் போதியளவு நடக்கவில்லை.

இதில் நமக்கென்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். இருக்கிறது. ஹற்றனிலும் தலவாக்கலையிலும் மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் கடை வைத்திருக்கும் நமது நாநாமாரின் கடன் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். எந்த வீட்டில் அரிசி குறைந்து பனடோலும் சித்தாலேபவும் கூடியிருக்கிறது என்பது ஆஸ்பத்திரிக்குத் தெரியும் முன்பே அந்தக் கொப்பிக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒருவரிடம் "பாக்கியைக் கொண்டா" என்பதற்கு முன், "வீட்ல யாருக்கும் சுகமில்லையா?" என்று கேட்பதற்குச் செலவில்லை. ஸகாத்துக்கு உரிய எட்டுக் கூட்டத்தாரில் கடன்பட்டவரும் ஒருவர். நமது ஊர்களின் பைத்துஸ் ஸகாத் பட்டியல்களில் ஏழைகளின் பெயர் இருக்கும். வருத்தத்தால் கடனில் விழுந்த நமது தோட்டப்புறச் சகோதரரின் பெயர் இருக்கிறதா என்று இந்த வருடம் தேடிப் பார்க்கலாம். தோட்டத்தில் நம்மோடு வாழும் பிற சமயத்தவருக்கு ஸதகா கொடுக்க எந்தத் தடையும் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, நமது பிள்ளைகள் இன்று வைத்திய பீடங்களுக்குப் போகிறார்கள்; தோட்டத்துப் பிள்ளைகளும் ஒருவர் இருவராகப் போகத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் திரும்பி வரும்போது, கிளினிக் முடிந்த பின்னேரத்தில் இரண்டு பக்கம் எழுதும் பழக்கத்தையும் கொண்டுவர வேண்டும். தேத்தண்ணியை எப்போது குடிப்பது, திரிபோஷ யாருக்கு, சம்பளத் துண்டில் எந்த வரியைப் பார்ப்பது, எந்தக் கடனில் கையெழுத்துப் போடக்கூடாது என்று எழுதட்டும். நோயாளியின் நாடியைப் பிடிக்கும்போதே, "இன்றைக்குப் பேர் போச்சா, அம்மா?" என்று கேட்கத் தெரிந்த ஒரு டொக்டர் எழுதினால், அந்த எழுத்தைப் பிள்ளை வாசிக்க, வீட்டில் எல்லோரும் கேட்பார்கள்.